மூன்று கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கணினியோடு பேச: வயர்லெஸ் இணைப்பு நிலையங்கள் அமைப்பதற்கு முழுமையான வழிகாட்டி

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு அரிசி ஆலை. ஆலை வயல்களுக்கு நடுவே இருக்கிறது, அதன் அலுவலகம் ஊருக்குள். இடைவெளி 3 கிலோமீட்டர். எடைமேடைக் கணினி ஆலையில், கணக்குக் கணினி அலுவலகத்தில். ஒவ்வொரு மாலையும் ஒரு பையன் எடைச்சீட்டுகளைக் கட்டாகக் கட்டி பைக்கில் கொண்டுவருவான். அவற்றை அலுவலகத்தில் ஒருவர் மறுபடி தட்டச்சு செய்வார். நெல் வரத்து மிகுந்த நாட்களில் இரவு பத்து மணிவரை இந்த வேலை ஓடும், எண்களும் தவறும். இரண்டு கணினிகளும் நேரடியாகப் பேசிக்கொள்ள வேண்டும் என்று என்னை அழைத்தார்கள்.

அந்த வேலையை வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பள்ளியின் இரண்டு வளாகங்கள், வீடும் தோப்பு அறையும், கடையும் கிடங்கும் என எந்த இரண்டு இடங்களுக்கும் இதே முறை பொருந்தும். எண்கள் மட்டும் மாறும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு இடங்களுக்கும் நடுவே கண்ணாடி இழை வடம் கிடைக்குமானால், விலை கட்டுப்படியாகுமானால், அதையே வாங்குங்கள். இங்கே கரும்பு லாரி உரசாத, யாரும் வெட்டாத பாதை வடத்துக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் ரேடியோ: கம்பியில்லாமல் தரவை அனுப்பிப் பெறும் கருவி, இரு முனையிலும் ஒன்று.

இந்த முறைக்குத் தேனி மாவட்டத்தில் ஒரு முன்கதை உண்டு. 2000களின் நடுப்பகுதியில் அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களோடு இணைக்க, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த எரிக் புரூவரின் ஆய்வுக் குழு வைஃபை ரேடியோக்களையே பயன்படுத்தியது. கிராமத்தில் இருக்கும் நோயாளி தேனியில் இருக்கும் மருத்துவரிடம் வீடியோவில் பேசினார். வீட்டுக்குள் சில பத்து மீட்டருக்கென்று வடிவமைத்த தொழில்நுட்பம் பல கிலோமீட்டர் தாண்டியது. அவர்கள் எதிர்கொண்ட சிக்கல்களில் இரண்டு கீழே வரும், இரண்டும் இன்றைக்கும் நமக்கு உதவுகின்றன. எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு: வெனிசுவேலாவில் எர்மான்னோ பியெத்ரோசெமோலி 2007இல் இரண்டு மலைகளுக்கு நடுவே 382 கிலோமீட்டர் வைஃபை இணைப்பு அமைத்துக் காட்டினார். அந்தக் கணக்கில் நம் 3 கிலோமீட்டர் சிறிய தூரம். ஆனால் அவருக்கு நடுவில் தென்னந்தோப்பு இல்லை.

முதல் படி: பாதையைப் பாருங்கள்

கடைக்குப் போய் ரேடியோ வாங்குவதற்கு முன் இரண்டு மாடிகளிலும் ஏறி நில்லுங்கள். கூகுள் எர்த்தில் இரண்டு புள்ளிகளுக்கும் கோடு போட்டு நில ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பது நல்ல தொடக்கம். ஆனால் அது தரையைத்தான் காட்டும். போன வருடம் எழுந்த மாடி வீட்டையும் கட்டிய தண்ணீர்த் தொட்டியையும் வளர்ந்து நிற்கும் மரத்தையும் நேரில்தான் பார்க்க முடியும். மறுமுனையில் ஒருவரை நிறுத்தி, காலை வெயிலில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை உங்கள் பக்கம் திருப்பி மினுக்கச் சொல்லுங்கள். 3 கிலோமீட்டரிலும் அந்த மினுக்கல் தெளிவாகத் தெரியும். தெரிந்த இடத்தைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். பின்னால் டிஷ்ஷைத் திருப்பும்போது அந்தப் படம் வேண்டும்.

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ரேடியோ அலை நூல் பிடித்தது போல ஒரு கோட்டில் போவதில்லை, நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கிய ஒரு கூண்டாகப் போகிறது. பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனெலின் பெயரால் அதை ஃபிரெனெல் மண்டலம் என்கிறார்கள். அந்தக் கூண்டின் நடுவட்ட ஆரத்தைக் கணக்கிட எளிய வாய்ப்பாடு உண்டு: தூரத்தை கிலோமீட்டரிலும் அலைவரிசையை கிகாஹெர்ட்ஸிலும் எடுத்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 8.66ஆல் பெருக்குங்கள். விடை மீட்டரில் வரும். 3 கிலோமீட்டர், 5.8 கிகாஹெர்ட்ஸ் என்றால் 6.2 மீட்டர். இந்த ஆரத்தில் குறைந்தது 60 விழுக்காடு, அதாவது 3.7 மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். 1 கிலோமீட்டருக்கு இது 2.2 மீட்டர், 10 கிலோமீட்டருக்கு 6.8 மீட்டர். பத்துக் கிலோமீட்டரைத் தாண்டினால் பூமியின் வளைவையும் சேர்க்க வேண்டும். 3 கிலோமீட்டரில் அது ஒரு சாணுக்கும் குறைவு, விட்டுவிடலாம்.

எங்கள் பாதையில் அலுவலகத்திலிருந்து 1.2 கிலோமீட்டரில் ஒரு தென்னந்தோப்பு. மரங்கள் 12 மீட்டர். அலுவலக மாடியில் கம்பத்தோடு சேர்த்து டிஷ்ஷின் உயரம் 16 மீட்டர், ஆலையில் 18 மீட்டர். தரை ஏறக்குறைய ஒரே மட்டம். தோப்புக்கு மேலே கோடு 16.8 மீட்டரில் போகிறது, ஆகவே இடைவெளி 4.8 மீட்டர். தேவை 3.7. தாராளம் என்று தோன்றும். ஆனால் தென்னை நின்ற இடத்தில் நிற்பதில்லை. இளந்தென்னை ஆண்டுக்கு ஒரு அடிக்கு மேல் வளரும். கையிருப்பில் இருந்த 1.1 மீட்டர் மூன்று ஆண்டுக்குத்தான் வரும் என்று அன்றே குறிப்பேட்டில் எழுதி, ஆலைக்காரரிடமும் சொல்லிவிட்டேன். மரத்தின் வளர்ச்சியைக் கணக்கில் சேர்க்காமல் போட்ட இணைப்பைத்தான் ஊரில் "முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப என்னமோ விட்டு விட்டு வருது" என்பார்கள்.

இரண்டாம் படி: எதிர்பார்க்கும் எண்ணைக் காகிதத்தில் எழுதுங்கள்

எல்லாப் படிகளிலும் இதைத்தான் நான் விடாப்பிடியாக வலியுறுத்துவேன். டிஷ்ஷை ஏற்றுவதற்கு முன்பே மறுமுனையில் எத்தனை டிபிஎம் வர வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் மாடியில் நின்றுகொண்டு திரையில் வரும் எண் நல்லதா கெட்டதா என்று தெரியாது.

டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டைச் சுழியமாக வைத்து டெசிபலில் சொல்லும் திறன் அளவு. 3 கூடினால் திறன் இரட்டிப்பு, 10 கூடினால் பத்து மடங்கு. பெருக்கலை எல்லாம் கூட்டல் கழித்தலாக்கிவிடும் வசதி இதில் இருக்கிறது. வெட்டவெளியில் அலை எவ்வளவு தேயும் என்பதற்கான வாய்ப்பாடு:

இழப்பு = 92.4 + 20 × லாக்(கிலோமீட்டர்) + 20 × லாக்(கிகாஹெர்ட்ஸ்)

கால்குலேட்டர் கையில் இல்லாதபோது இப்படி நினைவில் வையுங்கள்: 5.8 கிகாஹெர்ட்ஸில் 1 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 108 டெசிபல், தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 கூடும். 3 கிலோமீட்டருக்கு 117.

எங்கள் டிஷ் இரண்டும் 23 டிபிஐ. அலையை ஒரே திசையில் குவிப்பதால் டிஷ் தரும் பெருக்கத்தின் டெசிபல் அளவு அது. ரேடியோவின் வெளியீடு 13 டிபிஎம், அதாவது 20 மில்லிவாட். ஆக 13 + 23 − 117 + 23 = −58. வந்து சேர வேண்டியது −58 டிபிஎம். ஒரு வாட்டை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு. அவ்வளவு நுண்ணிய திறனிலிருந்து நொடிக்குக் கோடிக்கணக்கான பிட்டுகளை இந்தக் கருவி பிரித்தெடுக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

வெளியீட்டை ஏன் 13இல் நிறுத்தினோம்? சட்டம். இந்தியாவில் 2018 அக்டோபரில் வந்த அறிவிக்கையின்படி 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். நாங்கள் எடுத்தது 5725 முதல் 5875 வரையுள்ள பகுதி. அங்கே டிஷ்ஷின் பெருக்கத்தையும் சேர்த்து 36 டிபிஎம், அதாவது 4 வாட், உச்ச வரம்பு. 23 போனால் மீதி 13. ரேடியோவின் அமைப்பில் நாடு என்ற இடத்தில் இந்தியா என்று தேர்ந்தெடுத்து டிஷ்ஷின் பெருக்கத்தைச் சரியாகக் கொடுத்தால் பெரும்பாலான கருவிகள் தாமே வரம்பைப் பிடித்துக்கொள்ளும். வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்து திறனை ஏற்றச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். அது பக்கத்து இணைப்புகளின் காதை அடைக்கும். உங்கள் இணைப்பும் மேம்படாது, ஏனென்றால் குறை பெரும்பாலும் திறனில் இருப்பதில்லை. நீங்கள் இலங்கையிலோ மலேசியாவிலோ இருந்தால் அந்த நாட்டின் வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரைச்சல் மட்டத்தையும் எழுதுங்கள். 20 மெகாஹெர்ட்ஸ் அகல சேனலில் அமைதியான இடத்தில் அது −95 பக்கம் இருக்கும். 40 மெகாஹெர்ட்ஸ் எடுத்தால் 3 டெசிபல் மோசமாகும். ஊருக்குள் அடுத்த வீட்டு வைஃபைகளும் கேபிள் நிறுவனங்களின் டிஷ்களும் சேர்ந்து −85 வரை கொண்டுவந்துவிடும். சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் இடையில் 25 டெசிபல் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

மூன்றாம் படி: வாங்க வேண்டியவை

உபிக்விட்டி, மைக்ரோட்டிக், கேம்பியம் ஆகியவற்றின் வெளிப்புற ரேடியோக்கள் இங்கே பரவலாகக் கிடைக்கின்றன. இரு முனைக்கும் ஒரே மாடலை வாங்குங்கள். முடிந்தால் மூன்றாவதாக ஒன்றை அலமாரியில் வையுங்கள். இடி விழுந்த மறுநாள் அது உங்களைக் காப்பாற்றும்.

ரேடியோவுக்குத் தரவையும் மின்சாரத்தையும் கொண்டுபோகும் ஈதர்நெட் வடத்தில் சிக்கனம் கூடாது. வெயிலைத் தாங்கும் கறுப்பு உறை, உள்ளே உலோகக் கவசம், முழுச் செம்புக் கம்பி. செம்பு பூசிய அலுமினியக் கம்பியைக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். அதில் மின்சாரமும் சேர்ந்து போகும்போது மறுமுனையில் வோல்ட் இறங்கி ரேடியோ தானாக அணைந்து எழும். நெட்வொர்க் சுவிட்சிலிருந்து (கணினி வடங்கள் வந்து கூடும் பெட்டி) ரேடியோவரை மொத்த நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

வடம் வழியே மின்சாரம் கொடுக்கும் பெட்டியில் கவனம் தேவை. சில ரேடியோக்கள் 24 வோல்ட் கேட்கும், சில 48. கருவிக்கு எவ்வளவு வேண்டும் என்று சோதிக்காமல் எப்போதும் கொடுத்துக்கொண்டிருக்கும் 48 வோல்ட் பெட்டியை 24 வோல்ட் ரேடியோவில் செருகினால் கருவி போயிற்று. இரண்டு பெட்டிகளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். நான் வாங்கிய அன்றே பெட்டியின் மேல் பெயிண்ட் பேனாவால் வோல்ட்டை எழுதிவிடுவேன்.

நான்காம் படி: எல்லா அமைப்பையும் மேசையில் முடியுங்கள்

மாடியில் வெயிலில் லேப்டாப் திரை தெரியாது. அமைப்பு வேலை முழுவதையும் கீழே, மேசையில் முடித்து, இணைப்பு ஓடுவதைப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். மேசையில் இரண்டு டிஷ்களையும் நேருக்கு நேர் வைக்காதீர்கள். ஒரு மீட்டர் தூரத்தில் வரும் திறன் ஏற்பியைத் திணறடிக்கும். திறனைக் கடைசிப் புள்ளிவரை குறைத்து, டிஷ்களைப் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள்.

இரண்டிலும் மென்பொருள் ஒரே பதிப்புக்கு வரட்டும். அதன்பின் பாத்திரங்களைப் பிரியுங்கள். ஒன்று ஆக்சஸ் பாயிண்ட், மற்றது ஸ்டேஷன். இணையம் எந்தப் பக்கம் வருகிறதோ, ஆள் எந்தப் பக்கம் எப்போதும் இருக்கிறாரோ, அந்தப் பக்கத்தை ஆக்சஸ் பாயிண்ட் ஆக்குவது என் வழக்கம். சேனலைத் தேர்ந்தெடுப்பது அந்த முனைதான், ஸ்டேஷன் அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். ஆக நாளைக்குச் சேனல் மாற்ற வேண்டுமானால் ஊருக்குள் உட்கார்ந்தபடியே மாற்றலாம்.

பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். பாதுகாப்பு முறையில் குறைந்தது டபிள்யூபிஏ 2, மறைகுறியாக்கத்தில் ஏஇஎஸ். ஸ்டேஷனில் ஆக்சஸ் பாயிண்ட்டின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையில் இடும் தனி எண்) பூட்டிவிடுங்கள், அதே பெயரில் வேறொரு ரேடியோ வந்தாலும் அதோடு ஒட்டாது. தொழிற்சாலைக் கடவுச்சொல்லை இரண்டு கருவியிலும் மாற்றுங்கள்.

அடுத்தது அமைப்புத் திரையில் டிக் செய்யும் ஒரு சிறிய பெட்டி. இதைத் தவறவிட்டவர்கள் பலர். டபிள்யூடிஎஸ் அல்லது டிரான்ஸ்பரன்ட் பிரிட்ஜ் என்று இருக்கும், அதை இரு முனையிலும் இயக்குங்கள். காரணம் இதுதான். சாதாரண வைஃபை சட்டகம், அதாவது காற்றில் போகும் ஒவ்வொரு தரவுத் துண்டும், மூன்று முகவரிகளைச் சுமக்கிறது. ஸ்டேஷன் ரேடியோ ஒரு லேப்டாப் போல இருந்தால் அது போதும். ஆனால் நம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு முழு நெட்வொர்க் நிற்கிறது. பின்னால் நிற்கும் கணினியின் முகவரியையும் சேர்த்துச் சுமக்க நான்காவது முகவரி வேண்டும். அந்தப் பெட்டி அதைத்தான் இயக்குகிறது. இயக்காவிட்டால் ரேடியோவுக்கு ரேடியோ பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) போகும், பின்னால் இருக்கும் கணினிகள் மட்டும் விசித்திரமாக நடந்துகொள்ளும்.

பிறகு தூரம். வைஃபையில் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் மறுமுனை "வந்தது" என்று ஒப்புகை அனுப்ப வேண்டும். அனுப்பியவர் ஒரு குறுகிய நேரம்தான் காத்திருப்பார், வராவிட்டால் மறுபடி அனுப்புவார். ஒளியைப் போலவே ரேடியோ அலையும் ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போகிறது. 3 கிலோமீட்டர் போய் வர 20 மைக்ரோ நொடி. வீட்டுக்கென்று வைத்த காத்திருப்பு நேரம் இதற்குப் போதாது. ஒப்புகை வந்துகொண்டிருக்கும்போதே அனுப்பியவர் பொறுமையிழந்து மறுபடி அனுப்பத் தொடங்கிவிடுவார். தேனியில் அந்த ஆய்வுக் குழு எதிர்கொண்ட முதல் சிக்கல் இதுதான். அவர்கள் ஒவ்வொரு பொட்டலத்துக்குமான ஒப்புகையை நிறுத்தி, மொத்தமாகச் சேர்த்து ஒப்புகை அனுப்பி, இரு முனைக்கும் பேசும் நேரத்தை முறை வைத்துப் பிரித்துக் கொடுத்தார்கள். இன்றைய வெளிப்புற ரேடியோக்களில் அந்த யோசனை டிடிஎம்ஏ என்ற பெயரில் ஒவ்வொரு நிறுவனத்தின் பாணியிலும் இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு ரேடியோ என்றால் அதை இயக்குங்கள். இயக்காமல் சாதாரண வைஃபையாக ஓட்டினால், தூரம் என்ற இடத்தில் உண்மைத் தூரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, 3 என்றால் 3.5 என்று கொடுங்கள். தானியங்கியில் விட்டால் சில சமயம் குறைவாகக் கணித்துக்கொள்கிறது.

சேனல் அகலத்தில் பேராசை வேண்டாம். எடைச்சீட்டுத் தரவுக்கும் நான்கு கேமராவுக்கும் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். அகலம் கூடக் கூட இரைச்சலும் கூடும், பக்கத்து இணைப்போடு மோதலும் கூடும். 5250 முதல் 5350 வரையும் 5470 முதல் 5725 வரையும் உள்ள சேனல்களில் ரேடார் இருக்கிறதா என்று ரேடியோ முதலில் காது கொடுத்துக் கேட்கும். ஒரு நிமிடம்வரை பேசாமல் இருக்கும், ரேடார் தென்பட்டால் சேனலைவிட்டு நகரும். அதைப் பழுது என்று நினைத்து அணைத்து அணைத்துப் போடாதீர்கள்.

ஐந்தாம் படி: முகவரிகள்

இரண்டு இடத்தையும் ஒரே நெட்வொர்க்காக ஒட்டிவிடுவது எளிது. பத்துப் பதினைந்து கருவிகள் மட்டும் என்றால் அப்படியே செய்யலாம். ஆனால் நான் பிரித்து, ரவுட்டர் வைத்து இணைப்பதையே விரும்புகிறேன். ஆலையில் யாரோ ஒரு புது வைஃபை பெட்டியைத் தவறாகச் செருகி, அது முகவரி பங்கிடத் தொடங்கினால், ஒட்டிய நெட்வொர்க்கில் அலுவலகமும் சேர்ந்து படுத்துவிடும். பிரித்திருந்தால் அந்தத் தொல்லை ஆலையோடு நிற்கும்.

நாங்கள் வைத்த முகவரிகள் இவை. சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் நெட்வொர்க்கின் அளவைச் சொல்கிறது, அது பெரிதாக ஆக உள்ளே கிடைக்கும் முகவரிகள் குறையும். அலுவலகம் 192.168.10.0/24. ஆலை 192.168.20.0/24. நடுவே ரேடியோ இணைப்புக்கென்று 10.0.50.0/29. அதில் அலுவலக ரவுட்டர் 10.0.50.1, அலுவலக ரேடியோ 10.0.50.2, ஆலை ரேடியோ 10.0.50.3, ஆலை ரவுட்டர் 10.0.50.4. இரண்டு ரவுட்டருக்கு /30 போதுமே என்று தோன்றலாம். அதில் இரண்டு முகவரிதான் கிடைக்கும், ரேடியோக்களுக்கு இடமிருக்காது. பிறகு சமிக்ஞை அளவைப் பார்க்க ரேடியோவுக்குள் நுழைய முடியாமல் தவிக்க வேண்டியிருக்கும். /29இல் ஆறு கிடைக்கும். இரண்டு ரேடியோவுக்கும் நுழைவாயில் (கேட்வே) முகவரியாக, அதாவது வெளியே போகும் வழியாக, 10.0.50.1 கொடுங்கள்.

வழிகளை எழுதும்போது இரு திசையையும் எழுத வேண்டும். அலுவலக ரவுட்டரில்: 192.168.20.0/24க்குப் போக வேண்டுமானால் 10.0.50.4 வழியாகப் போ. ஆலை ரவுட்டரில்: மற்ற எல்லாவற்றுக்கும் 10.0.50.1 வழியாகப் போ. முதலாவதை மறந்துவிட்டால் ஆலையிலிருந்து புறப்பட்ட கேள்வி அலுவலகக் கணினிவரை போய்ச் சேரும், பதில் திரும்பி வர வழி தெரியாமல் இணையத்தின் பக்கம் போய்த் தொலையும். பார்ப்பவருக்கு ரேடியோ பழுது போலத் தோன்றும். ஆலைக்கும் அலுவலகத்தின் இணையம் வேண்டுமானால், உள் முகவரியை இணைய முகவரியாக மாற்றும் அலுவலக ரவுட்டரின் முகவரி மாற்று (நாட்) விதியில் 192.168.20.0/24ஐயும் சேர்க்க வேண்டும்.

இந்த இடத்தில் நான் ஒரு முழு மாலையை இழந்தேன். பிங் போகிறது, ரேடியோ சுத்தம், ஆனால் எடைமேடைக் கணினியால் அலுவலகக் கணினியின் பகிர்ந்த கோப்புறையைத் திறக்க முடியவில்லை. விண்டோஸ் ஃபயர்வாலில் கோப்புப் பகிர்வுக்கான விதி தனியார் நெட்வொர்க்கில் உள்ளூர் சப்நெட்டை, அதாவது தன் நெட்வொர்க்கில் உள்ள முகவரிகளை, மட்டும் அனுமதிக்கும்படி வருகிறது. 192.168.20 என்று தொடங்கும் கணினி 192.168.10க்கு அந்நியம். அந்த விதியின் எல்லைப் பட்டியலில் 192.168.20.0/24ஐச் சேர்த்ததும் திறந்தது. ஃபயர்வாலையே அணைத்துவிடாதீர்கள், இந்த ஒரு வரி போதும்.

ஆறாம் படி: கம்பம் ஏற்றுதல்

மின்கம்பி அருகே இருந்தால் அந்த இடத்தில் கம்பம் வேண்டாம். கம்பம் சாய்ந்தால் எவ்வளவு தூரம் விழுமோ அதற்குள் மின்கம்பி இருக்கக் கூடாது. வானம் இருட்டிக்கொண்டு வந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கீழே இறங்குங்கள்.

6 மீட்டர் ஜிஐ பைப், மூன்று திசையில் ஸ்டே கம்பி, ஒவ்வொன்றிலும் டர்ன்பக்கிள் (கம்பியை இறுக்கும் திருகு). ஆடிக்காற்று இந்தப் பள்ளத்தாக்கில் கணவாயிலிருந்து நேராக இறங்கும், ஸ்டே இல்லாத கம்பம் அதில் நிற்காது. ரசமட்டம் வைத்துக் கம்பத்தைச் செங்குத்தாக்குங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷைப் பக்கவாட்டில் திருப்பும்போதெல்லாம் அதன் பார்வை மேலும் கீழும் அலையும், நேர்ப்படுத்தவே முடியாது.

கம்பத்தைத் தனி எர்த் குழியோடு தடித்த செம்புக் கம்பியால் இணையுங்கள். அந்த எர்த்தைக் கட்டடத்தின் எர்த்தோடும் பிணையுங்கள். வடத்தின் இரு முனையிலும் மின்பாய்ச்சல் தடுப்பான். நேரடி இடியிலிருந்து இவை காப்பாற்றும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் விழும் இடியால் வடத்தில் தூண்டப்படும் மின்சாரம்தான் பெரும்பாலான ரேடியோக்களைக் கொல்கிறது, அதை இவை தடுக்கும். ரேடியோவுக்குள் நுழையும் முன் வடம் ஒரு முறை கீழே தொங்கி மேலேறட்டும், மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போய்விடும்.

ஏழாம் படி: நேர்ப்படுத்தல்

இரண்டு பேர், இரண்டு கைபேசி, நிறையப் பொறுமை. 23 டிபிஐ டிஷ்ஷின் கற்றை ஏறக்குறைய 10 பாகை அகலம். அகலமாகத் தோன்றினாலும் 3 கிலோமீட்டரில் ஒரு பாகை என்பது 52 மீட்டர்.

முதலில் புகைப்படத்தை வைத்துக் கண்ணளவில் இரண்டையும் திருப்புங்கள். பிறகு ஒரு முனையை அசைக்காமல், மறுமுனையை மட்டும் பக்கவாட்டில் மெல்லத் திருப்புங்கள். ஒவ்வொரு விரற்கடைக்கும் நிறுத்தி ஐந்து நொடி காத்திருந்து எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். எண் உயர்ந்துகொண்டே போய் உச்சம் தொட்டு இறங்கும். இறங்கினாலும் திருப்பிக்கொண்டே போங்கள். உச்சத்திலிருந்து 3 குறையும் இடத்தை இரு பக்கமும் குறித்து, அவற்றின் நடுவில் நிறுத்துங்கள். உச்சியிலேயே நிறுத்தப் பார்த்தால் அது தட்டையாக இருக்கும், எது நடு என்று தெரியாது. அதன்பின் மேல்கீழ் அசைவை இதே போல. பின் மறுமுனை. முடிந்ததும் முதல் முனையை இன்னொரு முறை.

எங்களுக்கு எல்லாம் முடிந்து நின்ற எண் −74. ஆலைப் பக்கம் இருந்த தம்பி போனில், "அண்ணே, லிங்க் வந்துருச்சு, பிங்கும் போகுது, இறுக்கிரவா?" என்றான். இணைப்பு உண்மையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. காகிதத்தில் −58 என்று எழுதியிருக்காவிட்டால் நானும் இறுக்கச் சொல்லியிருப்பேன். 16 டெசிபல் குறைகிறது, திறனில் நாற்பதில் ஒரு பங்குதான் வருகிறது. ஒன்றிரண்டு குறைந்தால் கணக்கின் தோராயம், ஐந்தாறு குறைந்தால் ஃபிரெனெல் மண்டலத்தில் தடை இருக்கலாம். 16 குறைந்தால் பெரும்பாலும் பக்கக் கற்றை. டிஷ்ஷுக்கு நடுக் கற்றையின் இரு புறமும் சிறிய கற்றைகள் உண்டு. அவற்றிலும் உச்சம் வரும், இறங்கும், நடுக் கற்றை போலவே நடந்துகொள்ளும்.

"இறுக்காதப்பா, இடது பக்கம் இன்னும் ஒரு சாண் திருப்பு" என்றேன். எண் −80க்கும் கீழே போனது, இணைப்பே விட்டது. "அண்ணே, போச்சு" என்றான். "திருப்பிக்கிட்டே இரு." இரண்டு நிமிடம் கழித்து −66, பிறகு −61, பிறகு −59. அவன் பார்த்து வைத்திருந்த அடையாளம் அலுவலக மாடி அல்ல, அதற்கு வலப்புறம் இருந்த வேறொரு தண்ணீர்த் தொட்டி. −59இல் இறுக்கினோம்.

இந்த ரேடியோக்கள் அலையை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு அதிர்வுத் திசைகளில் அனுப்புகின்றன. இந்த இரண்டு முனைவாக்கத்தின் எண்களும் திரையில் தனித்தனியாகத் தெரியும். இரண்டுக்கும் வேறுபாடு 3 டெசிபலுக்குள் இருக்கட்டும். அதிகமாக இருந்தால் ஒரு டிஷ் தன் அச்சில் சுழன்றிருக்கிறது, அல்லது ஓர் இணைப்பி சரியாக உட்காரவில்லை.

எட்டாம் படி: சோதனை

பிங் போகிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். பெரிய பொட்டலமாக, 1400 பைட்டில், ஆயிரம் முறை அனுப்பி எத்தனை தொலைகிறது என்று பாருங்கள். ஒன்றும் தொலையக் கூடாது. பிறகு ஐபெர்ஃப் 3 நிரலை இரு முனைக் கணினியிலும் ஓட்டி, இரு திசையிலும் பத்துப் பத்து நிமிடம் அளந்து எழுதுங்கள். ரேடியோ திரையில் காட்டும் இணைப்பு வேகத்தில் பாதியிலிருந்து அறுபது விழுக்காடுவரை உண்மையில் கிடைத்தால் இயல்பு. இதே அளவையை இரவு எட்டு மணிக்கு மறுபடி எடுங்கள். ஊரே இணையத்தில் இருக்கும் நேரம் அது, இரைச்சல் அப்போதுதான் முகம் காட்டும்.

ஒன்பதாம் படி: வருடக்கணக்கில் ஓட வைப்பது

பெர்க்லி குழு தேனியில் கற்ற இரண்டாவது பாடம் மின்சாரம். கிராமத்து மின்சாரத்தின் ஏற்ற இறக்கங்களும் திடீர்ப் பாய்ச்சல்களும் ரேடியோவைவிடப் பெரிய சிக்கலாக இருந்தன என்று அவர்கள் எழுதினார்கள். ஆலையில் பெரிய மோட்டார்கள் இருப்பதால் இது இன்னும் கடுமை. ரேடியோ எடுப்பது பத்து வாட்டுக்குள்தான், ஒரு சிறிய யுபிஎஸ் பல மணி நேரம் தாங்கும். ரேடியோ, ரவுட்டர், சுவிட்ச் மூன்றையும் அதிலேயே போடுங்கள். சுவிட்ச் மட்டும் வெளியே இருந்தால் பயனில்லை.

இரண்டு ரேடியோ, இரண்டு ரவுட்டர் ஆகிய நான்கின் அமைப்புக் கோப்பையும் நகலெடுத்து ஒரு பென்டிரைவில் போட்டு அலுவலகப் பீரோவில் வையுங்கள். ஒரு குறிப்பேடு வைத்து மாதம் ஒருமுறை தேதி, இரு முனையின் சமிக்ஞை, இரைச்சல் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள்.

மழையில் இணைப்பு தடுமாறினால் மழையை நம்பாதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 3 கிலோமீட்டருக்குக் கனமழையின் இழப்பு சில டெசிபல்தான், நம் கையிருப்பு அதைத் தாங்கும். இணைப்பிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறதா, ஸ்டே தளர்ந்து கம்பம் ஆடுகிறதா, பாதையோரத்து இலைகள் நனைந்து கனத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஈர இலை உலர்ந்த இலையைவிட அதிகம் விழுங்கும்.

எங்கள் குறிப்பேட்டில் முதல் இரண்டு ஆண்டும் −59, −59, −60 என்றுதான் இருந்தது. மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் மழை நாட்களில் −65, −67 என்று எழுதியிருந்தார்கள், காய்ந்த நாளில் −61. நான் போய்ப் பார்த்தபோது தென்னையின் புது மட்டைகள் அலுவலக மாடியிலிருந்து பார்க்க ஆலைக் கூரைக்கு ஒரு முழம் கீழே ஆடிக்கொண்டிருந்தன. தோப்புக்காரரிடம் மட்டை வெட்டக் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. அலுவலகக் கம்பத்தை 6லிருந்து 9 மீட்டராக்கினோம், தோப்புக்கு மேலே கோடு 1.8 மீட்டர் உயர்ந்தது. ஸ்டே கம்பிகளை இரண்டு அடுக்காகப் போட்டு, மேல்கீழ் அசைவை மட்டும் மறுபடி நேர்ப்படுத்தினோம். அன்று மாலை மழை பிடித்தது. மறுநாள் காலைக் குறிப்பு: −59.